என் பெயரில் ஒன்றும் இல்லை

என் கணவர் இறந்து ஐந்தாவது வாரம் எங்கள் இரண்டு செல்போன்களும் ஒரே நாளில் நின்றன.

வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் அவருடைய கணக்கை முடக்கினார்கள். அது விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் போன் பில் அந்தக் கணக்கிலிருந்துதான் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதம் போகவில்லை. என்னுடைய எண், அவர் இணைப்போடு சேர்த்து வாங்கிய இரண்டாவது எண். பதினான்கு வருடமாக என் எண் என்று எல்லோருக்கும் கொடுத்துவந்தது காகிதத்தில் அவருடையது. மகளின் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருந்தது அதைத்தான். என்னிடம் கணக்கு ட்யூஷன் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இருப்பது அதுதான். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஓடிபி அனுப்புவதும் அதற்குத்தான்.

பாக்கியைக் கட்டி, எண்ணை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போனேன். கவுண்டரில் இருந்த தம்பிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் அடையாள அட்டையை வாங்கி விவரங்களைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தட்டினார்.

“சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது மேடம்.”

“ஏதாவது பாக்கி காட்டுதா தம்பி? எவ்வளவு இருந்தாலும் இப்பவே கட்டிடறேன்.”

“பாக்கி எதுவும் இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல மேடம். உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல. அதான் பிரச்சனை.”

அவர் என்னைப் புண்படுத்த அப்படிச் சொல்லவில்லை. சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ப்ரீபெய்டில் புது எண் வேண்டுமானால் உடனே தருகிறேன் என்றார். மாதக் கடைசியில் பில் வரும் இணைப்பு என்றால் அது ஒரு வகைக் கடன், அதற்குக் கடன் வரலாறு பார்ப்பார்கள், எனக்கு வரலாறே இல்லை என்று விளக்கினார். நான் புது எண்ணோடு வீட்டுக்கு வந்து, ட்யூஷன் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து எண் மாறிவிட்டது என்று சொன்னேன். பதினெட்டு வீடுகள். ஏன் மாறியது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள்.

அடுத்தது வீடு. இருந்த வீடு எங்கள் இருவருக்கும் பெரியது, வாடகையும் அவர் சம்பளத்தை நம்பிய வாடகை. சிறியதாக ஒன்று பார்த்தோம். வீட்டுக்காரருக்கு எங்களைப் பிடித்திருந்தது. ஆனால் குடிவைக்கும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் விட்டிருந்தார். அவர்கள் என்னுடைய கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய விவரம் பதிந்த கோப்பை, எடுத்துப் பார்த்துவிட்டு, “வாடகை ஒழுங்காக வரும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். மூன்று மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்றேன். ஆறு மாதம் என்றாலும் பரவாயில்லை என்றேன். கடைசியில், கடன் வரலாறு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள்.

என் கொழுந்தனார் வந்து போட்டார். அவர் நல்ல மனிதர். கேட்ட மறுநாளே வந்தார், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அவர் ரிப்போர்ட்டை எடுத்த நிறுவனம் பத்து நிமிடத்தில் சரி என்றது. கார் கடன் ஒன்றை ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறார் என்று காட்டியதாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் என் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். கல்யாணமான மாதத்திலிருந்து வீட்டு வரவு செலவை நான் நோட்டில் எழுதிவருகிறேன். இருபத்து மூன்று வருடத்துக்கு இருபத்து மூன்று நோட்டுகள். தேடிய பக்கம் கிடைத்தது. கொழுந்தனாருக்கு வேலை போயிருந்த சமயம், அவருடைய கார் தவணை இரண்டு, என் ட்யூஷன் பணத்தில் நான் கட்டியது. தேதி, தொகை, ரசீது எண் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. அவர் அதைப் பிறகு திருப்பித் தந்துவிட்டார், அதுவும் எழுதியிருக்கிறது. நான் கட்டிய அந்த இரண்டு தவணைகளும் அவருடைய கோப்பில் “உரிய தேதியில் கட்டியது” என்று இருக்கின்றன. என்னுடைய கோப்பில் ஒன்றும் இல்லை. என் பணத்துக்கு என் கொழுந்தனார் ஜாமீன் நிற்கிறார்.

அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் இது ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தது போயிற்று. இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக என் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பல நாடுகளில் நம் ரிப்போர்ட்டை நாமே இலவசமாகக் கேட்டு வாங்கலாம். இந்தியாவில் இருப்பவர்கள் சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தக் கோப்புகளை வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை தலா ஒரு முழு ரிப்போர்ட்டைக் கட்டணமின்றி வாங்கலாம். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ரிப்போர்ட்டைப் பார்த்து உங்களை மறுத்தால், எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட் என்று உங்களுக்கு அறிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் நீங்கள் கேட்டால் அந்த ரிப்போர்ட்டின் பிரதி இலவசம். இதெல்லாம் எனக்கு நாற்பத்தெட்டு வயது வரை தெரியாது.

வந்தது ஒன்றரைப் பக்கம். பெயர், பிறந்த தேதி, பத்து வருடத்துக்கு முன் இருந்த ஒரு முகவரி. கணக்குகள்: இல்லை. கட்டிய தவணைகள்: இல்லை. கட்டத் தவறியவை: இல்லை. பிறகு, ‘விசாரணைகள்’ என்ற தலைப்பில் மட்டும் மூன்று வரி இருந்தது. போன் நிறுவனம் என்னைப் பற்றிக் கேட்ட தேதி, வீட்டு நிறுவனம் கேட்ட தேதி, துணி துவைக்கும் இயந்திரத்தைத் தவணையில் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போய்த் திரும்பினேனே, அந்தத் தேதி. இத்தனை வருட வாழ்க்கையில் அந்தக் கோப்பில் என்னைப் பற்றிப் பதிந்திருந்தது, நான் கேட்டுப் போன மூன்று இடங்கள் மட்டும்தான். குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டால் அதுவே ஸ்கோரை, அதாவது அந்தக் கோப்பை வைத்து நமக்குப் போடும் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்று பிறகு படித்தேன். ஒரு இடத்தில் மறுத்தால் இன்னொரு இடம் போகத்தானே செய்வோம்? அந்த அலைச்சலும் நமக்கு எதிரான சாட்சியாகச் சேர்கிறது. விவரம் தெரியாமல் இடம் இடமாக விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிட்டு, முதலில் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள்.

என்னிடம் ட்யூஷன் பணத்துக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. பதினாறு வருடம் பழையது. அது ஏன் ரிப்போர்ட்டில் இல்லை என்று முதலில் குழம்பினேன். சேமிப்புக் கணக்கு பொதுவாக அந்தக் கோப்புகளுக்குப் போவதே இல்லை. எவ்வளவு சேர்த்தாய் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு வாங்கினாய், எப்படித் திருப்பிக் கட்டினாய், இதுதான் கேள்வி. கணவரின் கிரெடிட் கார்டில் எனக்கும் ஒரு துணை அட்டை இருந்தது, என் பெயர் அச்சடித்தது. அது சில நாடுகளில் துணை அட்டை வைத்திருப்பவரின் கோப்பிலும் ஏறும், சில நாடுகளில் ஏறாது. எனக்கு ஏறவில்லை.

அமெரிக்காவில் அதிகம் பயன்படுவது ஃபைகோ என்ற நிறுவனத்தின் ஸ்கோர், 1989-இல் வந்தது. அது எப்படிப் போடப்படுகிறது என்று அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், பாக்கி எவ்வளவு என்பதற்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, எத்தனை வகைக் கடன் என்பதற்கு 10. நான் கணக்கு டீச்சர். இந்த மாதிரி எடையிட்டுப் போடும் கணக்கு எனக்குப் புதிதல்ல. என்னை உறுத்தியது வேறு. பத்தில் ஏழு தவணை ஒழுங்காகக் கட்டியவருக்கு 7/10. பத்தும் தவறவிட்டவருக்கு 0/10. என்னைப் போல ஒரு தவணையே வந்திராதவருக்கு? 0/0. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை அதற்கு விடை பூஜ்யம் என்று எழுதும். சிவப்பு மையில் அடித்து, பூஜ்யம் இல்லை, இதற்கு மதிப்பே வரையறுக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை மறந்தால் மேலே போடும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும் என்று சொல்லிக் கொடுப்பேன்.

ஸ்கோர் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே இருக்கிறது. ஃபைகோ ஸ்கோர் வர வேண்டுமென்றால் கோப்பில் ஆறு மாதமாவது ஆன ஒரு கணக்கு இருக்க வேண்டும், கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு கணக்கின் தகவல் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணே தராது, விட்டுவிடும். இந்தியாவில் கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு 300-இலிருந்து 900 வரையான வரிசையில் இடம் தராமல் -1 என்று காட்டிவந்தார்கள். அதாவது, தெரியாது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். அதை வாங்கிப் பார்க்கும் போன் நிறுவனமும் வீட்டு நிறுவனமும்தான் ‘தெரியாது’ என்பதை ‘வேண்டாம்’ என்று படித்துக்கொள்கின்றன. தப்பு அந்த இடத்தில்தான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஃபைகோ விதியில் இன்னொன்றும் இருக்கிறது. கோப்பில் ‘இறந்தவர்’ என்ற குறிப்பு இருக்கக் கூடாது. இருவர் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் ஒருவர் இறந்ததாகப் பதிவானால் அது உயிரோடு இருப்பவரின் ஸ்கோரையும் பாதிக்கலாம் என்று அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. இதைப் படித்த அன்று நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் திரும்பப் போனபோது இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன். நிறைய இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

1837-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிதி நெருக்கடி வந்தது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் நொடித்துப்போனார்கள். அதில் அடிபட்ட லூயிஸ் டாப்பன் என்ற பட்டு வியாபாரி 1841-இல் நியூயார்க்கில் ஒரு ஏஜென்சி தொடங்கினார். ஊர் ஊருக்கு ஆள் வைத்து, அங்குள்ள வியாபாரிகள் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதி வாங்கிப் பெரிய பேரேடுகளில் பதிந்துவைத்தார். நாணயமானவரா, குடிப்பவரா, குடும்பம் எப்படி என்பதெல்லாம் அதில் இருந்தது. பிறகு வியாபாரிகளை விட்டுத் தனி மனிதர்களைப் பற்றியும் கோப்பு வைக்கும் நிறுவனங்கள் வந்தன. 1899-இல் அட்லாண்டாவில் தொடங்கிய ஒன்றுதான் பின்னால் எக்விஃபாக்ஸ் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிய வதந்திகள்கூட அந்தக் கோப்புகளில் இருந்தன. நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நாமே பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தக் கேட்கலாம் என்ற உரிமை அங்கே சட்டமானது 1970-இல்.

1974-இல் வந்த இன்னொரு சட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பெண் என்பதற்காகவோ மணமானவர், ஆகாதவர் என்பதற்காகவோ கடன் தர மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதற்கு முன் கணவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கார்டு வாங்க முடியாமல் இருந்த பெண்கள் ஏராளம். சம்பாதிக்கும் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணம் ஆனதும் அவள் கணக்கை மூடிக் கணவர் பெயரில் திறப்பார்கள். அவர் இறந்தாலோ பிரிந்தாலோ அவளுக்குக் கோப்பு இல்லை. இந்தப் பெண்கள் 1972-இல் நடந்த விசாரணையில் வந்து சாட்சி சொன்னார்கள். அதன் பிறகுதான் சட்டம். கணவனும் மனைவியும் சேர்ந்து பொறுப்பேற்ற கணக்கை இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்ற விதியும் அதிலிருந்து வந்ததுதான். எனக்கு முன்னால், என்னைப் போலவே ஒரு கவுண்டரில் நின்று ‘உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை’ என்று கேட்டவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்து சொன்னதால்தான் ஒரு நாட்டில் விதி மாறியது. இதை நான் இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியில் ஷூஃபா என்று ஒரு நிறுவனம், 1927-இல் பெர்லினில் தொடங்கியது. அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெர்லின் மின்சார நிறுவனம் மின்சாதனங்களைத் தவணைக்குக் கொடுக்க முன்வந்தபோது, யாரை நம்பிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டிவருபவர் யார் என்பது அந்த நிறுவனத்துக்குத்தான் தெரியுமே! அவர்களை நம்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அந்த நாடு முழுதும் பரவியிருக்கும் அந்தக் கோப்பு. ஆக, கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே கரண்ட் பில் ஒருவருடைய நாணயத்துக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது. என் நோட்டில் இருபத்து மூன்று வருடக் கரண்ட் பில் இருக்கிறது. வரிசையில் நின்று கட்டிய காலத்திலிருந்து போனில் கட்டும் காலம் வரை எல்லாவற்றையும் கட்டியவள் நான். ஒரே ஒரு முறை தேதி தவறியது, மகள் பிறந்த வாரம். பில்லில் இருந்த பெயர் அவருடையது.

இதே ஷூஃபா பற்றிய வழக்கில்தான் 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஸ்கோரை மட்டும் பெரிதாக நம்பி ஒரு வங்கி மறுக்கிறது என்றால், அந்த ஸ்கோரைப் போடுவதே மனிதர் தலையிடாமல் இயந்திரம் எடுக்கும் முடிவுதான். அப்படி முடிவெடுப்பதைப் பொதுவாக அனுமதிக்க முடியாது, விதிவிலக்குகள் உண்டு என்றது. இந்தியாவிலும், முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் அரசு இதைச் சொன்னது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.

கடன் கொடுப்பவர் பக்கம் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. முன்பின் தெரியாதவருக்குப் பெரிய தொகையைத் தூக்கிக் கொடுக்க யாரும் தயங்குவார்கள். நானும் தயங்குவேன். வீட்டுக் கடன் கேட்டுப் போய் மறுத்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. நான் கேட்டது ஒரு போன் இணைப்பு. குடியிருக்க ஒரு வீடு, அதுவும் முன்பணம் கையில் வைத்துக்கொண்டு. இவை இல்லாமல் ஒரு மனிதர் எப்படி வாழ்வார்? ஆறு மாத வாடகையை மேஜையில் வைப்பவரை, வேறொருவர் கையெழுத்து இருந்தால்தான் நம்புவேன் என்று சொல்வதில் என்ன கணக்கு இருக்கிறது? முதல்முறை வேலைக்குப் போகும் பிள்ளைகள், வேறு நாட்டுக்குக் குடிபோனவர்கள், வாழ்நாள் முழுதும் ரொக்கம் கொடுத்தே பழகிய பெரியவர்கள், என்னைப் போலக் கணவர் பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள், எல்லோரும் இந்த ஒரே கதவில்தான் போய் முட்டுகிறோம். வேறு நாட்டில் இருபது வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், எல்லை தாண்டினால் பெரும்பாலும் அந்தக் கோப்பு கூட வராது.

கடன் இல்லாமல் வாழ்ந்தது பற்றி எனக்கும் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது. அவர் பெயரில் இருந்த ஒரே கார்டையும் மாதாமாதம் முழுதாகக் கட்டிவிடுவார். கட்டச் சொல்லித் தேதியை நினைவூட்டுவது நான். அந்தப் பெருமையை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அது என் கோப்பில் ஏறவில்லை என்பதைத் தெரிந்துகொண்டேன்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

என் சேமிப்புக் கணக்கு இருந்த வங்கிக்குப் போனேன். நோட்டுகளில் கடைசி மூன்றை எடுத்துக்கொண்டு போனேன். மகள் வேண்டாம் என்றாள், “யாரும்மா பாப்பாங்க அதை?” என்றாள். அங்கே ஒரு அம்மையார், என் வயது இருக்கும், உட்காரச் சொல்லி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று பக்கம் நிஜமாகவே படித்தார். “இதை என்னால கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு” என்றார். ஒரு சிறு தொகையை வைப்பில் போட்டு, அதை ஈடாக வைத்துக் கார்டு தருவார்கள். கட்டத் தவறினால் வங்கி அந்த வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் வரலாறு கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டுவது மட்டும் மாதாமாதம் கோப்பில் பதிவாகும். பதிவாகுமா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வாங்க வேண்டும், எல்லா இடத்திலும் பதிவதில்லை என்று அவரே எச்சரித்தார்.

அந்தக் கார்டை ஒரே ஒரு செலவுக்கு வைத்துக்கொண்டேன், கரண்ட் பில்லுக்கு. இந்த முறை இணைப்பே என் பெயரில். கார்டு வரம்பில் சிறு பங்கைத் தாண்டாமல் செலவழித்து, கெடு தேதிக்கு ஐந்து நாள் முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுவேன். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருக்கும்; அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும், அதனால் அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை. ஏழு மாதம் வேறு எங்கும் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. துணி கையால் துவைத்தோம். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பினேன், பின்னால் காட்ட வேண்டிவந்தால் கையில் இருக்கட்டும் என்று.

எட்டாவது மாதம் ரிப்போர்ட்டை மறுபடி வாங்கினேன். கணக்குகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி. அதன் பக்கத்தில் ஏழு சிறு கட்டங்கள், ஏழிலும் ‘தேதியில் கட்டியது’. மேலே ஒரு ஸ்கோர். பெரிய எண் இல்லை, ஆனால் எண். அதைப் பிரதி எடுத்து இந்த வருட நோட்டில் ஒட்டியிருக்கிறேன். பழைய முகவரியையும் எழுதிக் கொடுத்துத் திருத்திவிட்டேன். மாதக் கடைசியில் பில் வரும் போன் இணைப்பு போன மாதம் கிடைத்தது. பழைய எண் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது.

மகள் படிப்பு முடித்து இந்த வருடம் வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளம் வரும் முன்பே அவள் பெயரில் ஒரு சிறு கார்டு வாங்கவைத்தேன். கல்யாணம் வருமோ வராதோ, வந்தாலும் அந்தக் கணக்கை மூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். “சரிம்மா” என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.

நேற்று ராத்திரி என் ஓரகத்தி போன் செய்தாள், ஜாமீன் போட்டாரே கொழுந்தனார், அவர் மனைவி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பில்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“கரண்ட் அவர் பேர்ல. தண்ணி அவர் பேர்ல. போன், நெட்டு, கேஸ் எல்லாம் அவர் பேர்ல. கார்டுலயும் நான் ரெண்டாவது ஆளுதான். எம்பேர்ல என்ன இருக்குன்னு தேடினா நூலக அட்டை ஒண்ணுதான்க்கா இருக்கு.”

“அவர் என்ன சொல்றாரு?”

“பக்கத்துலதான் இருக்காரு. நெட்டை உடனே மாத்திடலாம்ங்கறாரு. வங்கிக்குத்தான் எனக்குத் தனியா போகத் தயக்கமா இருக்கு.”

திங்கட்கிழமை ட்யூஷன் சாயங்காலம்தான். காலையில் பத்து மணிக்கு வங்கி வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன்.